கிங் கவுண்டியில் குப்பையும் அபாயக் கழிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்ததுதான் கிங் கவுண்டி. தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், இசக்குவா, ரென்டன் எல்லாம் இதற்குள்தான் வருகின்றன. கட்டணமும் திறந்திருக்கும் நேரமும் அடிக்கடி மாறுவதால் அவற்றை இங்கே கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து கிளம்பும் முன் கவுண்டியின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாசலில் வந்து குப்பை எடுப்பது கவுண்டியா?

இல்லை. பெரும்பாலான நகரங்கள் ரிபப்ளிக் சர்வீசஸ், டபிள்யூ.எம்., ரீகாலஜி போன்ற தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தம் விட்டிருக்கின்றன. நகர எல்லைக்கு வெளியே இருக்கும் பகுதிகளில், மாநில ஆணையத்தின் அனுமதியும் கட்டண ஒப்புதலும் பெற்ற நிறுவனங்கள் எடுக்கின்றன. அதனால் வண்டி வரவில்லை, தொட்டி உடைந்துவிட்டது என்றால் உங்கள் பில்லில் பெயர் இருக்கும் நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும்.

எடுத்த குப்பையை எங்கே கொட்டுவது என்ற இடத்தில்தான் கவுண்டி வருகிறது. குப்பையை வழியில் கொட்டி மாற்றி ஏற்றும் டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷன்களும், புதைக்கும் கிடங்கும் அதனுடையவை. சியாட்டில் தனிக்குடித்தனம். அந்த நகரத்துக்குச் சொந்தமாக 2 ஸ்டேஷன்கள் உண்டு. அங்கிருந்து குப்பை ரயிலேறி ஆரிகன் மாநிலத்தின் கொலம்பியா ரிட்ஜ் கிடங்குக்குப் போய்விடுகிறது.

தொட்டியில் போட்டது கடைசியில் எங்கே போகிறது?

வண்டி முதலில் ஷோர்லைன், ஃபாக்டோரியா, பவ் லேக் போன்ற ஒரு டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனுக்குப் போகும். அங்கே கூரைக்குக் கீழே இருக்கும் தளத்தில் கொட்டுவார்கள். புதிய ஸ்டேஷன்களில் இயந்திரம் அதை அழுத்தி நீளமான டிரெய்லருக்குள் தள்ளிவிடும். அழுத்தி ஏற்றினால் ஒரே டிரெய்லரில் அதிக எடை போகும், கிடங்குக்கு ஓடும் நடைகள் குறையும்.

டிரெய்லர்கள் போய்ச் சேரும் இடம் மேப்பிள் வேலிக்கு அருகில் உள்ள சீடர் ஹில்ஸ் கிடங்கு. 1965-ல் திறந்தது, பரப்பு 920 ஏக்கர். ஆண்டுக்கு 8 லட்சம் டன்னுக்கும் மேல் அங்கே புதைகிறது. கவுண்டியில் இன்றும் இயங்கும் ஒரே குப்பைக் கிடங்கு அதுதான். பொதுமக்கள் நேராக அங்கே கொண்டுபோய்க் கொட்ட முடியாது.

நடுவில் யாராவது பையைப் பிரித்துத் தரம் பார்ப்பார்களா?

மாட்டார்கள். பலருக்கும் இதில்தான் குழப்பம். மறுசுழற்சித் தொட்டியில் போட்டது தரம் பிரிக்கும் ஆலைக்குப் போகிறது. அங்கே ஆட்களும் காந்தமும் சல்லடையும் இருக்கின்றன. குப்பைத் தொட்டிக்கு அப்படி எதுவும் கிடையாது. கட்டிய பை கட்டியபடியே அழுத்தப்பட்டுப் புதைகிறது. உள்ளே பூச்சிமருந்து பாட்டில் இருந்தாலும், வீங்கிய செல்போன் பேட்டரி இருந்தாலும், முதலில் கண்டுபிடிப்பது அழுத்தும் இயந்திரம்தான். ஆக, தரம் பிரிக்கும் வேலை உங்கள் சமையலறையிலும் கராஜிலும் முடிந்தால்தான் உண்டு. இந்தப் பக்கத்தில் மீதி இருக்கும் பாதிக் கேள்விகள் அதைப் பற்றியவை.

புதைக்கப்படுவதில் சுமார் 70 சதவீதம் மறுசுழற்சிக்கோ உரத்துக்கோ போயிருக்க வேண்டியது என்பது கவுண்டியின் சொந்தக் கணக்கு.

கிடங்கு என்றால் பள்ளம் தோண்டிக் கொட்டி மூடுவதுதானே?

1991-ல் கூட்டாட்சி அரசு விதிகளைப் போட்ட பிறகு அப்படிச் செய்ய முடியாது. புதிதாக வெட்டும் ஒவ்வொரு பகுதிக்கும் அடியில் குறைந்தது 60 சென்டிமீட்டர் கனத்துக்கு, தண்ணீர் எளிதில் இறங்காத களிமண்ணை உருட்டி அழுத்த வேண்டும். அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிஎத்திலீன் விரிப்பு, துண்டுக்குத் துண்டு சூடுவைத்து ஒட்டியது. அதற்கும் மேலே சரளையும் துளையிட்ட குழாய்களும். குப்பைக்குள் இறங்கும் மழைநீர் கறுப்பாக, நாற்றத்தோடு கசிவுநீராகி அடியில் வந்து சேரும். விரிப்பின்மேல் அது 30 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டித் தேங்கக் கூடாது. உயரம் கூடக்கூட அழுத்தமும் கூடும், ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால்கூடக் கசிவு பெருகும். சீடர் ஹில்ஸில் சேரும் கசிவுநீர் ரென்டனில் உள்ள கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பப்படுகிறது.

அன்றன்று கொட்டியதை அன்றே 15 சென்டிமீட்டர் மண்ணாலோ அனுமதி பெற்ற மாற்றுப்பொருளாலோ மூட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. எலி, ஈ, தீ, காற்றில் பறக்கும் காகிதம் எல்லாவற்றுக்கும் அதுதான் தடுப்பு. பறவைகளுக்கு மட்டும் அது போதவில்லை. வெண்தலைக் கழுகுகள் சீடர் ஹில்ஸில் கூட்டமாக வந்து இறங்கி, கிடைத்ததைக் கவ்விக்கொண்டு போய் அக்கம்பக்கத்து வீட்டு முற்றங்களில் போடுகின்றன என்று 2019-ல் குடியிருப்பவர்கள் கவுண்டி கவுன்சிலிடம் புகார் சொன்னார்கள். அமெரிக்காவின் தேசியப் பறவை என்பதால் துரத்துவதற்கும் சட்டம் பார்த்துத்தான் துரத்த வேண்டியிருக்கிறது.

குப்பையிலிருந்து வரும் வாயுவை என்ன செய்கிறார்கள்?

காற்றுப் படாமல் அழுகும் குப்பையிலிருந்து வருவதில் ஏறத்தாழப் பாதி மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. மேட்டுக்குள் செங்குத்தாகக் குழாய்க் கிணறுகள் இறக்கி, லேசாக உறிஞ்சி எடுக்கிறார்கள். இந்த உறிஞ்சும் அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. குறைவாக உறிஞ்சினால் வாயு மண்வழியாக வெளியே பரவும். அதிகமாக உறிஞ்சினால் மேலிருந்து காற்று உள்ளே இழுபட்டு, ஆக்சிஜன் சேர்ந்து குப்பை உள்ளுக்குள்ளேயே கனன்று எரிய ஆரம்பிக்கும். அப்படிப் பிடித்த தீயை அணைக்க மாதக்கணக்கு ஆகும். அதனால் ஒவ்வொரு கிணற்றிலும் அழுத்தம், வெப்பம், ஆக்சிஜன் மூன்றையும் தொடர்ந்து அளந்து வால்வைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். சீடர் ஹில்ஸில் 2009 முதல் இந்த வாயுவைச் சுத்தம் செய்து, இயற்கை எரிவாயுக் குழாயில் சேர்க்கும் ஆலை இருக்கிறது.

எதற்கு இத்தனை கெடுபிடி?

கென்ட் பக்கம் ஐ-5 நெடுஞ்சாலையை ஒட்டி மிட்வே என்று ஒரு கிடங்கு இருந்தது. 1966 முதல் 1983 வரை சியாட்டில் நகரம் நடத்தியது. பழைய சரளைக் குழியில், அடியில் விரிப்பு இல்லாமல், வீட்டுக் குப்பையோடு தொழிற்சாலைத் திரவக் கழிவும் சேர்ந்தது. கிடங்கை மூடிய பிறகு, 1985-ல், மீத்தேன் மண்ணுக்குள் ஊர்ந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் வந்தது. சில குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அந்த இடம், நச்சு படிந்த இடங்களைச் சுத்தம் செய்வதற்கான கூட்டாட்சி அரசின் ‘சூப்பர்ஃபண்ட்’ பட்டியலில் ஏறியது. காற்றில் மீத்தேன் 5 சதவீதம் கலந்தாலே தீப்பொறிக்கு வெடிக்கும். கிடங்கின் எல்லையில் அந்த அளவைத் தாண்டக் கூடாது, கிடங்குக் கட்டடங்களுக்குள் அதில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்பது இப்போதைய விதி. மூடிய பிறகும் 30 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும்.

எதை ‘அபாயக் கழிவு’ என்று சொல்கிறார்கள்?

1976-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்படி நான்கு குணங்கள். எளிதில் தீப்பற்றுவது (தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே). அரிப்பது (பி.ஹெச். 2 அல்லது அதற்குக் கீழே, 12.5 அல்லது அதற்கு மேலே). தானாக வினைபுரிந்து வெடிப்பது. நச்சு கசிவது. இவை தவிரத் தனிப் பட்டியல்களும் உண்டு. வாஷிங்டன் மாநிலம் ஒரு படி மேலே போய், மீன்களைக் கொல்லும் கழிவையும் சேர்த்திருக்கிறது. சால்மன் ஓடும் ஊரில் அது நியாயம்தான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. லேபிளைப் பாருங்கள். ‘பாய்சன்’ அல்லது ‘டேஞ்சர்’ என்றிருந்தால் கடுமையானது. ‘வார்னிங்’, ‘காஷன்’ என்றிருந்தால் அதற்கு அடுத்த படிகள். நான்கில் எது இருந்தாலும், உள்ளே மிச்சம் இருந்தால் தொட்டியில் போடாதீர்கள். முழுக்கக் காலியான டப்பா பெரும்பாலும் சாதாரணக் குப்பை.

எங்கே கொடுப்பது? காசு வாங்குவார்களா?

பெல்வியூவில் ஃபாக்டோரியா டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனை ஒட்டி ஒரு மையம் இருக்கிறது. சியாட்டிலுக்குள் வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்று. இவை போக ‘வேஸ்ட்மொபைல்’ என்ற நடமாடும் முகாம் 1989 முதல் ஊர் ஊராகப் போகிறது. தெற்கே ஆபர்னிலும் முகாம் உண்டு. நீங்கள் எந்த நகரத்தில் இருந்தாலும் இவற்றில் எதற்கும் போகலாம்.

வாசலில் காசு கேட்க மாட்டார்கள். குப்பை பில்லிலும் கழிவுநீர் பில்லிலும் சிறு தொகையாக ஏற்கெனவே பிடித்துவிடுகிறார்கள். ஏற்கெனவே கட்டிய காசு என்பதாலாவது பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஒரு நடைக்கு மொத்தம் 50 கேலன், ஒரு டப்பா 5 கேலனுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. அதாவது முறையே 190 லிட்டரும் 19 லிட்டரும். வெடிபொருள், துப்பாக்கித் தோட்டா, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆகியவற்றை எடுக்க மாட்டார்கள். தோட்டாவுக்குக் காவல்துறையைக் கேளுங்கள்.

காரில் எப்படி எடுத்துக்கொண்டு போவது?

அசல் டப்பாவிலேயே கொண்டுபோங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைத்த, பெயின்ட்டை இளக்கும் டின்னர் போன்ற அடையாளம் தெரியாத திரவத்தை அங்கே சோதித்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், வரிசையும் தாமதமாகும். என்ன இருக்கிறது என்று தெரிந்தால் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். கசியும் டப்பாவை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்து, சுற்றிலும் பூனை மணலை (கேட் லிட்டர்) கொட்டுங்கள். டிக்கியில் நேராக நிற்கும்படி அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். ஆட்கள் உட்காரும் பக்கம் வேண்டாம். பெட்டி திரும்பி வராது.

பெட்டிகளைப் பிரித்து அடுக்குவதுதான் முக்கியம். பிளீச் ஒரு பெட்டி; அமோனியா இன்னொரு பெட்டி; அமிலமும் கழிப்பறை சுத்திகரிப்பானும் வேறு பெட்டி. பிளீச்சோடு அமிலம் கலந்தால் குளோரின் வாயு வரும், அமோனியா கலந்தால் குளோரமின் வரும். இரண்டும் நுரையீரலைப் புண்ணாக்கும். நீச்சல்குளத்துக்கு வாங்கும் குளோரின் மாத்திரையில் இருவகை உண்டு. இரண்டையும் ஒரே வாளியில் கொட்டி ஈரம் பட்டால் தானாகவே தீப்பிடிக்கும். ‘மிச்சத்தையெல்லாம் ஒன்றாக ஊற்றி ஒரே கேனாக்கிவிடலாம்’ என்ற எண்ணமே வேண்டாம்.

மையத்தில் காரை விட்டு இறங்க வேண்டாம், ஊழியர்களே இறக்கிக்கொள்வார்கள்.

பெயின்ட்?

சுவருக்கு அடிக்கும் தண்ணீர்க் கலவை பெயின்ட் நஞ்சில் சேராது, ஆனால் திரவமாகத் தொட்டியில் போகக் கூடாது. அழுத்தும்போது டப்பா வெடித்துத் தெருவெல்லாம் நீலமாகும். 2021 ஏப்ரல் முதல் மாநிலத்தில் ‘பெயின்ட்கேர்’ திட்டம் இருக்கிறது. பெயின்ட் வாங்கும்போதே சிறு கட்டணம் சேர்த்துவிடுகிறார்கள். மிச்சத்தைத் திட்டத்தில் சேர்ந்த பெயின்ட் கடைகளில் இலவசமாகத் திருப்பிக் கொடுக்கலாம். தண்ணீர்க் கலவை, எண்ணெய்க் கலவை இரண்டும் வாங்குவார்கள். லேபிள் இருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். டின்னரும் ஸ்பிரே பெயின்ட்டும் அதில் சேராது. அவை அபாயக் கழிவு மையத்துக்கு.

தண்ணீர்க் கலவை பெயின்ட் அடியில் கால் அங்குலம்தான் இருக்கிறது என்றால் மூடியைத் திறந்து பூனை மணல் கலந்து கட்டியாகும்வரை காயவிடுங்கள். மூடியில்லாமல் குப்பையில் போடுங்கள். காய்ந்திருப்பது எடுப்பவருக்குத் தெரிய வேண்டும்.

மரச்சாமானுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டிப் போட்டால், சில மணி நேரத்தில் உள்ளே சூடேறித் தானாகவே எரியும். தனித்தனியாக விரித்து வெளியே காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் மூடிவையுங்கள்.

சின்ன பேட்டரிதானே, குப்பையில் போட்டால் என்ன?

லித்தியம் பேட்டரி என்றால் வண்டியே எரியும். செல்போன், லேப்டாப், கம்பியில்லா டிரில், புளூடூத் இயர்போன், வேப், வாழ்த்துப் பாடும் பொம்மை என எல்லாவற்றிலும் அது இருக்கிறது. வண்டிக்குள் அழுத்தும் தகடு அதை நசுக்கினால் உள்ளிருக்கும் மெல்லிய பிரிப்புத்தாள் கிழிந்து, இரு முனைகளும் தொட்டு, சில நொடிகளில் தானே சூடேறி வாயுவைக் கக்கும். சுற்றிலும் காகிதம். ஓட்டுநர் கண்ணாடியில் புகையைப் பார்த்ததும், பாதுகாப்பான இடம் தேடி மொத்தக் குப்பையையும் நடுத்தெருவில் கொட்டித் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார். அவருக்குக் கொடுத்திருக்கும் பயிற்சியே அதுதான். ஸ்டேஷன் தளத்தில் பற்றினால் கட்டடத்தையே மூட நேரும்.

முனைகளில் நிறமில்லாத செல்லோ டேப் ஒட்டுங்கள். பேட்டரியின் வகை தெரிய வேண்டும் என்பதால்தான் நிறமில்லாதது. இல்லையென்றால் ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் பையில் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் குலுங்கவிடாதீர்கள். 9 வோல்ட் பேட்டரிக்கு இரு முனையும் ஒரே பக்கம் இருப்பதால் அதற்குக் கட்டாயம் டேப் வேண்டும். வீங்கியது, சூடானது, அடிபட்டது என்றால் சார்ஜ் செய்யாதீர்கள், குத்தாதீர்கள். உலர்ந்த மணலோ பூனை மணலோ நிரப்பிய இரும்பு டப்பாவில் புதைத்து, வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, மையத்தைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுக் கொண்டுபோங்கள்.

பேட்டரி விற்கும் நிறுவனங்களே திரும்பப் பெறும் செலவை ஏற்க வேண்டும் என்று 2023-ல் மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது.

ஊரிலிருந்து கொண்டுவந்த பாதரச தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் வாக்குவம் கிளீனரை எடுக்காதீர்கள். அதன் சூடும் காற்றும் பாதரசத்தை ஆவியாக்கி வீடு முழுக்கப் பரப்பும், கிளீனரும் வீணாகும். துடைப்பமும் வேண்டாம், மணி சிதறி இன்னும் சின்னதாகும்.

குழந்தைகளையும் நாயையும் வெளியே அனுப்புங்கள். வீட்டின் ஹீட்டரை அல்லது ஏசியை நிறுத்தி, அந்த அறையின் ஜன்னலைத் திறந்து, மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்துங்கள். நகை, மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குங்கள். தடித்த அட்டையால் மணிகளை ஒன்றோடொன்று உருட்டிச் சேர்த்து, இங்க் ஃபில்லரால் உறிஞ்சி, மூடியுள்ள பாட்டிலில் விடுங்கள். விளக்கைத் தரைமட்டத்தில் சாய்த்துப் பிடித்தால் மிச்சமிருக்கும் மணிகள் மின்னும். அவற்றை டேப்பில் ஒட்டி எடுங்கள். டேப், கையுறை, அட்டை எல்லாம் ஒரே பைக்குள். அதை மையத்தில் கொடுங்கள். கம்பளத்தில் சிந்தியிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுப்பதுதான் நல்லது.

தெர்மாமீட்டரில் சுமார் அரை கிராமோ அதற்கு மேலோ பாதரசம் இருக்கும். சுருள் வடிவ சி.எஃப்.எல். பல்பில் இருப்பது சில மில்லிகிராம்தான். அது உடைந்தால் பதற வேண்டியதில்லை. 10 நிமிடம் காற்றோட்டம் விட்டு, இதே முறையில் துடைத்தால் போதும். உடையாத பல்பும் டியூப்லைட்டும் ‘லைட்ரீசைக்கிள்’ திட்டத்தில் சேர்ந்த கடைகளிலும் கொடுக்கலாம்.

இண்டாலியப் பாத்திரத்தில் ஈயம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, இந்த விஷயம் வெளிச்சத்துக்கு வந்ததில் இந்தக் கவுண்டிக்கே பங்கு உண்டு. ஆப்கன் அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்ததைத் தொடர்ந்து, கவுண்டியின் அபாயக் கழிவுத் திட்டத்தினர் அவர்கள் வீட்டுச் சமையல் பாத்திரங்களைச் சோதித்தார்கள். அலுமினியப் பாத்திரங்கள், பிரஷர் குக்கர்கள், பித்தளைப் பாத்திரங்கள் பலவற்றிலிருந்து ஈயம் கரைந்து வந்தது. எவர்சில்வரில் அப்படி வரவில்லை. 2022-ல் ஆய்வு வெளியானது. 2024-ல் மாநிலம் பாத்திரங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம், இந்தியாவிலிருந்து வரும் இண்டாலிய வகைப் பாத்திரங்கள் சிலவற்றைக் குறிப்பிட்டே எச்சரித்தது.

பழைய அலுமினியத்தை, கிடைத்த உலோகங்களோடு சேர்த்து உருக்கி வார்ப்பதால் ஈயம் உள்ளே வருகிறது. புளிக்குழம்பு, தக்காளி ரசம் போன்ற புளிப்பை அதில் கொதிக்கவைத்து, அப்படியே விட்டுவைத்தால் இன்னும் கரையும். எல்லா அலுமினியமும் கெட்டது என்று அர்த்தமில்லை. பார்த்துத் தெரியாது, தேய்த்தாலும் தெரியாது என்பதுதான் சிக்கல். எக்ஸ்-கதிர்க் கருவியால் சோதித்தால்தான் தெரியும்.

ரசத்துக்கு வைக்கும் ஈயச் சொம்பும் இந்த வரிசையில் வரும். வெள்ளீயத்தில் செய்தது என்றால் பயமில்லை. காரீயம் கலந்து விற்றது என்றால் கொதிக்கும் புளித்தண்ணீர் அதைத்தான் முதலில் பிடிக்கும். பாட்டி கொடுத்தது என்றாலும் சோதிக்காமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

எச்சரிக்கைப் பட்டியலில் உள்ள பாத்திரத்தைக் குப்பையில் போடச் சொல்கிறது உணவு-மருந்து நிர்வாகம். யாருக்கும் கொடுக்காதீர்கள், பழைய சாமான் கடைக்கும் அனுப்பாதீர்கள். போடும் முன் அடியில் ஒரு ஆணி அடித்து ஓட்டையாக்கிவிட்டால் இன்னொருவர் எடுத்துச் சமைக்க முடியாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்து அந்தப் பாத்திரத்தில் சமைத்துக்கொண்டிருந்தால், குழந்தை மருத்துவரிடம் ஈய ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மருந்து, இன்சுலின் ஊசி?

மிச்ச மாத்திரைகளை மருந்துக்கடைகளில் உள்ள பெட்டியில் போடலாம். செலவு மருந்து நிறுவனங்களுடையது. கழிப்பறையில் கொட்டாதீர்கள், சுத்திகரிப்பு நிலையத்தால் பல மருந்துகளைப் பிரிக்க முடியாது, நேராக பியூஜெட் சவுண்ட் கடலுக்குப் போகும்.

ஊசியை அந்தப் பெட்டியில் போடக் கூடாது. மறுசுழற்சித் தொட்டியில் நிச்சயம் கூடாது. அங்கே கன்வேயரில் கையால் பொறுக்குகிறார்கள். கெட்டியான ஊசி டப்பாவில் சேர்த்து, ஊசிக்கென்றே பெட்டி வைத்திருக்கும் டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனில் போடுங்கள்.

பலகாரம் சுட்ட எண்ணெய்?

சிங்க்கில் வேண்டாம். குளிர்ந்த குழாயில் உறைந்து, சோற்றுப் பருக்கையோடு சேர்ந்து கல்லாகும். அடைப்பு உங்கள் வீட்டுக்கும் சாலைக்கும் இடையில் என்றால் செலவு உங்களுடையது. கொஞ்சம் என்றால் காகிதத்தில் ஊறவைத்துப் பைகட்டிக் குப்பையில் போடுங்கள். தீபாவளி அளவுக்கு என்றால் மூடியுள்ள கேனில் சேர்த்து, சமையல் எண்ணெய் வாங்கும் இடத்தில் கொடுங்கள். சாப்பிட்ட வாழையிலை, காய்கறித் தோல், மிஞ்சிய சாதம் எல்லாம் உணவு-தோட்டக் கழிவுத் தொட்டிக்கு.

பழைய டிவி, கம்ப்யூட்டர்?

2009 முதல் ‘ஈ-சைக்கிள் வாஷிங்டன்’ திட்டத்தில் இலவசம். டிவி, மானிட்டர், கம்ப்யூட்டர், லேப்டாப், டேப்லெட் சேரும். கீபோர்டும் பிரின்டரும் சேராது. தகவல்களை அழித்துவிட்டுக் கொடுங்கள்.

காரின் என்ஜின் ஆயிலை நானே மாற்றுகிறேன்.

சுத்தமான, மூடியுள்ள பிளாஸ்டிக் குடத்தில் வடித்து, உதிரிபாகக் கடையிலோ மையத்திலோ கொடுங்கள். சில நகரங்களில் வாசலிலேயே எடுக்கிறார்கள். கூலண்ட், பிரேக் கிளீனர் எதுவும் கலக்கக் கூடாது. குளோரின் சேர்ந்த கரைப்பான் கொஞ்சம் விழுந்தாலும், மொத்தத் தொட்டி ஆயிலும் அபாயக் கழிவு என்று சட்டம் கருதத் தொடங்கும் (வரம்பு பத்து லட்சத்தில் 1,000 பங்கு). உங்கள் ஒரு குடம் கடைக்காரரின் முழுத் தொட்டியையும் கெடுத்துவிடும்.

சின்னதாகத் தொழில் செய்கிறேன். எனக்கும் இது பொருந்துமா?

மாதத்துக்கு 220 பவுண்டுக்கு, அதாவது 100 கிலோவுக்குக் குறைவாக அபாயக் கழிவு உண்டாக்கி, எந்த நேரத்திலும் 2,200 பவுண்டுக்கு மேல் தேக்கிவைக்காத தொழில் என்றால் சிறு உற்பத்தியாளர். கொடிய நச்சு வகைகளுக்கு மட்டும் வரம்பு 2.2 பவுண்டுதான். வரம்புக்குள் இருந்தால் கவுண்டி மையங்களே வாங்கிக்கொள்ளும். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள். தாண்டினால் மாநிலச் சூழலியல் துறையிடம் அடையாள எண் வாங்கி, உரிமம் பெற்ற நிறுவனம் மூலம் அனுப்பி, ஒவ்வொரு நடைக்கும் ஆவணம் வைத்திருக்க வேண்டும். கராஜைக் காலி செய்யும் மாதத்தில் தெரியாமலே வரம்பைத் தாண்டுவதுதான் வழக்கமான தவறு.

கொடுத்தவை எல்லாம் என்ன ஆகின்றன?

எண்ணெய்ப் பெயின்ட்டும் டின்னரும் பெரிய பீப்பாயில் சேர்ந்து சிமென்ட் சூளைக்கு எரிபொருளாகின்றன. டியூப்லைட்டை மூடிய இயந்திரத்தில் நொறுக்கி, கண்ணாடி, அலுமினிய முனை, பாதரசப் பொடி மூன்றாகப் பிரிக்கிறார்கள். பொடியைச் சூடாக்கி ஆவியைக் குளிரவைத்தால் பாதரசம் திரும்பக் கிடைக்கும். கார் பேட்டரியின் ஈயமும் பிளாஸ்டிக்கும் மறுபடி பேட்டரிக்கே போகின்றன. பூச்சிமருந்தை அதிவெப்ப உலையில் எரிக்கிறார்கள்.

வீட்டை இடித்துக் கட்டுகிறோம். குப்பையை ஸ்டேஷனில் கொட்டலாமா?

இடிப்பதற்கு முன்பே கல்நார்ச் சோதனை செய்திருக்க வேண்டும். பியூஜெட் சவுண்ட் தூய காற்று ஆணையத்தின் விதி அது. பழைய வீடுகளில் சொரசொரப்பான கூரைப் பூச்சிலும், தரை ஓட்டின் அடிப்பசையிலும், குழாய் உறையிலும் கல்நார் இருக்கும். உடைக்காதவரை பெரிய கெடுதல் இல்லை. உடைத்துப் பெருக்கினால் இழை காற்றில் போய் நுரையீரலில் தங்கும். கட்டுமானத் தளக் கழிவுக்கென்று தனியாக அனுமதி பெற்ற இடங்கள் உண்டு, அங்கேதான் போக வேண்டும்.

பிக்கப் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகலாமா?

போகலாம். தார்பாய் அல்லது வலை போட்டு, கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். கட்டாமல் போனால் நுழைவாயிலிலேயே கூடுதல் கட்டணம். கனமான மெத்தையாக இருந்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும். நெடுஞ்சாலைக் காற்றில் முதலில் பறப்பதே அதுதான். ஃபிரிட்ஜுக்குத் தனிக் கட்டணம், ஏனென்றால் குளிரூட்டும் வாயுவை உறிஞ்சி எடுத்த பிறகே உலோகத்தைப் பிரிக்க முடியும்.

சீடர் ஹில்ஸ் நிறைந்துவிட்டால்?

இப்போதைய திட்டப்படி 2040 வாக்கில் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு சியாட்டில்போல ரயிலில் வெளியூர் அனுப்புவதா, எரித்து மின்சாரம் எடுப்பதா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ரயில் என்றால் தண்டவாளமும் ஏற்றுமிடமும் முன்கூட்டியே வேண்டும். எரிஉலை என்றால் கட்டும் செலவு பெரிது. அதோடு ஆண்டுக்கு இத்தனை டன் குப்பை தருகிறோம் என்று உறுதியும் கொடுக்க வேண்டிவரும், அப்புறம் குப்பையைக் குறைப்பதில் யாருக்கும் ஆர்வம் இருக்காது. எங்கள் பார்வையில் எரிஉலையின் பெரிய குறை புகை இல்லை, இந்த ஒப்பந்தம்தான்.

அடுத்த மாதம் வேறு மாநிலத்துக்கு மாறுகிறோம். கராஜில் இருப்பதை என்ன செய்வது?

சாமான் ஏற்றும் நிறுவனங்கள் பெயின்ட், பெட்ரோல், பிளீச், பூச்சிமருந்து, கேஸ் சிலிண்டர் எதையும் ஏற்ற மாட்டார்கள். அதனால் கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே அந்த அலமாரியைக் காலி செய்யத் தொடங்குங்கள். திறக்காத, லேபிள் இருக்கும் பொருளைப் பக்கத்து வீட்டில் கேட்டுக் கொடுத்துவிடலாம். பெயின்ட் என்றால் பெயின்ட் கடைக்கு. மாத்திரை மருந்துக்கடைக்கு. மீதியை ஒரே நடையில் ஃபாக்டோரியாவில் இறக்கிவிடுங்கள். வார இறுதியில் வரிசை நீளம், வார நாளில் போவது நல்லது. ‘கடைசி நாள் குப்பையோடு போட்டுவிடலாம்’ என்று விட்டுவைத்தால், அன்றைக்கு மையம் மூடியிருக்கும்.